ஐப்பசிக்கு முன் வைப்பர் புஷ்ஷை மாற்றிவிடுங்கள்

புரட்டாசி பிறந்தால் மழை தொலைவில் இல்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டி இறங்கிவிடும். சென்னையிலோ கடலோர மாவட்டங்களிலோ எண்பதுகளின் மாருதி 800, காண்டெஸ்ஸா போன்ற பழைய வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள், ஆயுத பூஜைக்குக் கழுவிச் சந்தனம் வைப்பதற்கு முன்பே வைப்பரின் லிங்க் ராடு புஷ்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வைப்பர் மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றும். அதை இடமும் வலமுமான வீச்சாக மாற்றுபவை, கண்ணாடிக்குக் கீழே தகட்டுப் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும் ராடுகள். ராடு ஒவ்வொன்றும் சேரும் முட்டியில் ஒரு புஷ் இருக்கும். பெரும்பாலும் நைலான், சுண்டுவிரல் நுனி அளவு. சித்திரை வெயிலில் கிரீஸ் காய்ந்து, நைலான் மொறுமொறுப்பாகிவிடும். ஆகவே புஷ் கெடுவது கோடையில், பிடிபடுவது மழையில்.

அறிகுறிகளைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். துடைப்பு சரியில்லை என்றதும் புது பிளேடு வாங்குவார்கள், அடுத்து மோட்டாரையே மாற்றுவார்கள். புஷ் தேய்ந்திருந்தால் பிளேடு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ‘டொக்’கென்று சத்தம் வரும். வேகத்தில் வைத்தால் வீச்சு மிஞ்சி ஓர ரப்பரில் போய் இடிக்கும். இரண்டு பிளேடும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாது. மோட்டார் உறுமியபடி இருக்க ஒரு பிளேடு மட்டும் படுத்துவிட்டால், ராடு கழன்றுவிட்டது என்று பொருள். சுவிட்சை அணைத்துவிட்டு வைப்பர் கையை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். நுனி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சும்மா ஆடினால் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஆட்டம் கை மாட்டியிருக்கும் நட்டில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நட்டு என்றால் ஸ்பேனர் போதும்.

இனி வேலை. வைப்பரை ஓடவிட்டு அணைத்து, அது தானாகப் படுக்கும் இடத்தில் கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ராடுக்கு நடுவே விரல் இருக்கும்போது யாராவது சுவிட்சைத் தட்டினால் நசுங்கிவிடும். வைப்பர் கையைக் கழற்ற ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள். துருவெடுக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருந்து, இடவலமாக அசைத்து எடுத்தால் கை மாட்டியிருக்கும் ஸ்பிண்டிலின் பல் வெட்டும் தப்பும், கண்ணாடியும் தப்பும். மோட்டார் தண்டிலிருந்து கிராங்கைக் கழற்றாமலே விட முடிந்தால் விட்டுவிடுங்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், தண்டிலும் கிராங்கிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். இந்தக் கோடு இல்லாவிட்டால் வைப்பர் பிறகு கண்ணாடியின் நடுவில் வந்து நிற்கும்.

ராடை வெளியே எடுத்ததும் முட்டியின் குண்டு முனையை மண்ணெண்ணெயில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். முனை மழுமழுவென்று இருக்க வேண்டும். துரு தின்று குழி விழுந்திருந்தால் புது புஷ் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. பழைய பாகக் கடையில் முழு லிங்க்கேஜாகத் தேடுவதே லாபம். முனை நன்றாக இருந்தால், புது புஷ்ஷைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுங்கள். நைலான் இளகியிருக்கும்போது வைஸிலோ, துணி சுற்றிய கட்டிங் பிளேயரிலோ நேராக வைத்து அழுத்தினால் ‘சடக்’கென்று உட்காரும். சுத்தியலால் தட்டினால் விளிம்பு வெடித்துவிடும். உட்காருவதற்கு முன் உள்ளே சிலிக்கான் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். வெண்கலப் புஷ் உள்ள வண்டி என்றால் புதியதை முதல் நாள் இரவே எஞ்சின் ஆயிலில் ஊறப்போட்டு மாட்டுங்கள்.

ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய முட்டி இறுக்கமாக நிற்க, மிச்ச ஆட்டமெல்லாம் அடுத்த பழைய முட்டியில் போய்ச் சேரும். சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பழையதைக் கையில் எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்கலாம். கிடைக்காவிட்டால், குண்டு முனை இல்லாமல் நேர் பின்னும் கிளிப்பும் கொண்ட முட்டிக்கு லேத்துப் பட்டறையில் நைலான் ராடிலிருந்து கடைந்து தருவார்கள். சைக்கிள் டியூபைச் சுற்றி, கட்டுக்கம்பியால் கட்டுவதும் உண்டு. அன்றைக்கு வீடு போய்ச் சேர அது சரி, பருவம் முழுக்க ஓட்ட அல்ல.

திரும்ப மூடுவதற்கு முன் அந்தத் தகட்டுப் பள்ளத்தைப் பாருங்கள். வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் சருகு நிறைந்து, தண்ணீர் வடியும் துளை அடைந்திருக்கும். தேங்கும் நீர்தான் ஸ்பிண்டிலைத் துருப்பிடிக்க வைக்கிறது. ஸ்பிண்டில் வெளியே வரும் இடத்து ரப்பர் வாஷரும் வெடித்திருந்தால் மழைநீர் டாஷ்போர்டுக்குள் இறங்கும். இரண்டையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

பேட்டரியை இணைத்து, கை மாட்டாமல் மோட்டாரை ஓடவிட்டு அணையுங்கள். அது படுத்த பிறகு டேப் அடையாளத்தில் கைகளைப் பொருத்தி, கண்ணாடியை நனைத்துச் சோதியுங்கள். உலர்ந்த கண்ணாடியில் ஓட்டக் கூடாது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. அதில் ராடு இல்லை. பல்லுள்ள கேபிள்தான் இரண்டு சக்கரப் பெட்டிகளைச் சுழற்றுகிறது. கேபிளை உருவித் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள். மற்றவர்கள் கடையில் நிற்கும்போதே இரண்டு புஷ் கூடுதலாக வாங்கி, வண்டியிலேயே போட்டு வையுங்கள். இந்த வண்டிகளுக்கு உதிரிபாகம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டுதான் வருகிறது.