தசை முறுக்கு நோயும் அறுவை மருத்துவமும்

கையெழுத்து கோணலாக இருந்தால் அக்கறையின்மை என்பார்கள். தேர்வு மண்டபத்தில் கை நடுங்கினால் பயம் என்பார்கள். ஆனால் மூன்றாவது வரி எழுதும்போதே விரல்கள் தாமாகப் பேனாவை நெரிக்க, மணிக்கட்டு உட்புறம் மடங்க, முழங்கை மேலெழும்பி நின்றுவிடுமானால் அதற்கு என்ன பெயர்? பேனாவைக் கீழே வைத்ததும் அதே கை வாளி நிறையத் தண்ணீர் தூக்கும், பந்தும் வீசும். "எழுதத்தான் வலிக்கிறதோ?" என்ற கேலியை நான் பள்ளி நாள்தொட்டுக் கேட்டு வருகிறேன். இக்கட்டுரையும் நான் சொல்ல என் தங்கை எழுதியதே.

மருத்துவ நூல்கள் இதனை டிஸ்டோனியா என்கின்றன. தசை முறுக்கு நோய் என்று நாம் கூறலாம். செருமானிய மருத்துவர் ஓப்பன்ஹைம் 1911-ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கினார். கையை மடக்கும் தசை சுருங்கும்போது நீட்டும் தசை தளர்ந்து இடங்கொடுக்க வேண்டும் என்பது விலங்கியல் வகுப்பில் நாம் படித்ததுதான். இந்நோயில் இரண்டும் ஒருசேரச் சுருங்குகின்றன. வேலைக்குத் தேவையற்ற அண்டைத் தசைகளும் கூடவே இழுக்கின்றன. பிழை தசையில் இல்லை. மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குசெய்யும் அடித்தள நரம்பு முடிச்சுகளும், அவற்றோடு பின்னிய நரம்புச் சுற்றுகளும் தவறான கட்டளை அனுப்புகின்றன. எனவே தைலம் தேய்ப்பதால் பயன் ஏதும் இல்லை. (எத்தனை புட்டி தேய்த்திருப்போம் என்பதை என் தாயார்தான் சொல்ல வேண்டும்!)

ஓர் உறுப்பில் மட்டும் இந்நோய் தங்கலாம். சிறுவயதில் தொடங்கினால் உடல் முழுதும் பரவவும் கூடும். எழுதுவோர், வயலின் வாசிப்போர், முற்காலத்தில் தந்தி அடித்தோர் எனக் கைவிரல்களின் நுண்வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களிடம் அந்த ஒரு வேலைக்கு மட்டுமே உரிய முறுக்கு காணப்படுகிறது. பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற நம் விருத்தாசலத்தில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சில் களிக்குழம்பு ஊற்றுவதற்கு வலுவான கை போதும். பொம்மைக்குக் கண் எழுதுவதற்கோ மயிரிழை தவறாத விரல் வேண்டும். எங்கள் தெருவில் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் அக்கா ஒருவருக்குக் கழுத்து இடப்புறம் திருகிக்கொள்ளும். அவர் ஒரு விரலைத் தாடையில் லேசாக வைத்தவுடன் கழுத்து நேராகிவிடும். "பார், வேண்டுமென்றே செய்கிறாள்" என்று ஊரார் முடிவுகட்டினர். உண்மையில் அந்த விரல் தொடுகையே இந்நோயின் அடையாளம்! தோலிலிருந்து செல்லும் தொடு உணர்ச்சி மூளையின் தவறான கட்டளையைச் சிறிது நேரம் தணிக்கிறது.

அறுவை மருத்துவத்தைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். முறுக்கு நோய் போலத் தோன்றுபவற்றுள் மாத்திரையாலேயே கட்டுப்படுவனவும் உண்டு. வில்சன் நோயில் செம்புச் சத்து ஈரலிலும் மூளையிலும் படிகிறது. கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் தென்படலாம். செம்பை வெளியேற்றும் மருந்தைக் காலத்தே தொடங்கினால் உயிரும் கையும் காலும் தப்பும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்நோய் தோன்றும். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் நம் வழக்கத்தில் அந்த வாய்ப்பு கூடுகிறது. ஜப்பானிய மருத்துவர் செகாவா 1970-களில் விவரித்த இன்னொரு வகையில், காலையில் நன்றாக நடக்கும் குழந்தை மாலையில் கால் முறுக்கித் தடுமாறும். அதற்குச் சிறிதளவு லெவோடோபா மாத்திரையே வியக்கத்தக்க குணம் தரும். இவற்றைச் சோதித்துப் பாராமல் மண்டையோட்டைத் துளைப்பது முறையன்று.

இவை இல்லையெனத் தெரிந்தபின், ஓர் உறுப்பு முறுக்குக்கு முதலில் தருவது பொட்டுலினம் ஊசி. கெட்டுப்போன உணவில் நஞ்சாகும் அதே பொருளை மிக நுண்ணிய அளவில் குறிப்பிட்ட தசையில் செலுத்தி அதைத் தளர்த்துகின்றனர். பயன் ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும்; பிறகு மீண்டும் போட வேண்டும். மேற்சொன்ன அக்கா புதுச்சேரிக்குச் சென்று இவ்வூசி போட்டுக்கொண்டு இன்றும் கண் எழுதுகிறார்.

இனி அறுவை மருத்துவம். 1952-இல் நியூயார்க்கில் கூப்பர் என்பவர் பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு அறுவை செய்கையில் இரத்தக்குழாய் ஒன்று கிழிந்தது. வேறு வழியின்றி அதைக் கட்டினார். நோயாளி விழித்தபோது நடுக்கத்தைக் காணோம்! மூளையின் ஆழத்தில் ஒரு சிறு புள்ளியை அழித்தால் தவறான கட்டளை அடங்கும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. பின்னர் அவர் முறுக்கு நோயுற்ற சிறுவர்களுக்கும் தலாமசில் அறுவை செய்தார்.

இக்கலை நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய பி. இராமமூர்த்தி, அவருடன் பணியாற்றிய வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோர் 1960-களிலேயே இவ்வகை அறுவைகளைச் செய்தனர். கனகா அம்மையார் ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவர். இன்றுள்ள ஸ்கேன் கருவிகள் அன்று இல்லை. தலையில் உலோகச் சட்டத்தைப் பொருத்தி, எக்ஸ்ரே படத்தில் நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று அளவுகளைக் கணக்கிட்டு, கண்ணுக்குத் தெரியாத புள்ளிக்குக் கம்பியைச் செலுத்த வேண்டும். அரசு மருத்துவமனையின் ஏழை நோயாளிகளுக்காக அவர்கள் இதைச் செய்தனர் என்பதை நம் பாடநூல்கள் ஏன் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

அழித்த புள்ளி திரும்ப வராது. இரு புறமும் அழித்தால் பேச்சுக் குழறும் ஆபத்தும் இருந்தது. ஆகவே 1987-இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனாபித் குழுவினர் நடுக்க நோய்க்குக் கையாண்ட மின்தூண்டல் முறை பின்னர் முறுக்கு நோய்க்கும் வந்தது. 2003-இல் அமெரிக்க அரசு இதற்கு வரம்புக்குட்பட்ட ஒப்புதல் அளித்தது. பாலிடம் என்ற பகுதியில் மெல்லிய மின்முனையை வைத்து, கம்பியைத் தோலுக்கடியில் காதின் பின்புறமாக இறக்கி, காறை எலும்பின் கீழே பதித்த மின்கலப் பெட்டியுடன் இணைப்பர். வினாடிக்கு நூறுக்கு மேற்பட்ட மின்துடிப்புகள் செல்லும். வேண்டாமெனில் நிறுத்திவிடலாம், அளவையும் மாற்றலாம். ஆனால் நடுக்கம்போல் முறுக்கு உடனே அடங்குவதில்லை; வாரங்களும் மாதங்களும் பிடிக்கும். மரபணுக் குறையால் சிறுவயதில் வந்த முறுக்குக்குப் பலன் மிகுதி. பிறப்பின்போது மூளை பாதிக்கப்பட்டவர்க்குக் குறைவு. மூட்டு ஏற்கெனவே இறுகிவிட்டால் அதை மின்சாரம் நிமிர்த்தாது. இரத்தக்கசிவு, சீழ்பிடித்தல் என்ற ஆபத்துகளும் உண்டு. செலவோ பல இலட்சம். மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

எழுதுவோர்க்கும் இசைப்போர்க்கும் வரும் கைமுறுக்குக்குப் பழைய தலாமஸ் அறுவையே இன்று ஒரு பக்கம் மட்டும் செய்யப்படுகிறது. டோக்கியோவில் டாய்ரா என்ற மருத்துவர் இதற்குப் புத்துயிர் அளித்தார். 2017-இல் பெங்களூரில் ஓர் இசைக்கலைஞர் அறுவை மேசையில் விழித்தபடியே கித்தார் வாசித்தார். விரல்கள் விடுபடும் வரை மருத்துவர்கள் அப்புள்ளியைச் சூடேற்றினர். செய்தித்தாளில் அப்படத்தைக் கண்டபின் வீட்டில் என் அறுவை பற்றிய பேச்சு எழாத நாளில்லை. அப்பா நிலத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார். நான் இப்போது வேண்டாம் என்றிருக்கிறேன். ஊசியின் பலனை இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை; அரைப்பக்கம் எழுத முடிகிறது. எழுத மட்டுமே மறுக்கும் கைக்காக மூளையில் மாறாத தழும்பு ஏற்கலாமா என்பதை அவசரத்தில் முடிவுசெய்ய முடியாது.

தேர்வுக்கு வேறு வழி இருக்கிறது. எழுதுவதில் இதே இடர்ப்பாடுடைய ஒருவர் தொடுத்த வழக்கில், ஊனம் 40 சதவீதத்துக்குக் குறைவு என்ற காரணத்தால் மட்டும் எழுத்துத் துணையாளரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை அறியாத தேர்வு மையம் ஒன்றில் நான் முக்கால் மணி நேரம் வெளியே நின்றதுண்டு. இப்போது தீர்ப்பின் படியையும் மருத்துவச் சான்றையும் நுழைவுச் சீட்டுடன் சேர்த்தே வைத்திருக்கிறேன். நம் கல்லூரியில் இத்தகைய கையுடன் வேறெவரேனும் இருந்தால், விலங்கியல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் என்னைக் கேட்டால் இரண்டின் நகலையும் தருவேன். மருத்துவரிடம் போகுமுன் எழுதும்போது கை முறுக்குவதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்; மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் கை சாதுவாகிவிடும்.