பள்ளிச் செவிலியர் பணியை அளக்குமாறு

அகப்பொருள் நூல்களிற் கூறப்படும் செவிலித்தாய் தலைவியை ஊட்டி வளர்த்தவள். அவள் ஒரு நாளில் எத்துணை வேலை செய்தாள் என்று கணக்கெடுத்தார் எவருமிலர். அவள் பெயரை இன்று தாங்கி நிற்கும் செவிலியரின் நிலை வேறு. ஒரு வட்டாரத்துக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்பதை அரசினர் கணக்கைக் கொண்டே முடிவு செய்கின்றனர். கணக்குப் பிழைபடின் அதன் பயனை நுகர்வோர் பள்ளிச் சிறாரே. ஆதலின், பள்ளிச் செவிலியரின் பணிச்சுமை யாது, அதனை எவ்வாறு அளப்பது என்பதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதற்கண் வரலாற்றை நோக்குவோம். நியூயார்க் நகரத்துப் பள்ளிகளில், கண்ணோய், சிரங்கு முதலிய தொற்றுநோய் கண்ட பிள்ளைகளை மருத்துவர் சோதித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது. 1902 செப்டம்பர்த் திங்களில் மட்டும் இவ்வாறு விலக்கப்பட்டோர் 10,567 பேர். விலக்கப்பட்ட பின் அப்பிள்ளைகளைக் கவனிப்பார் இலர். அவ்வாண்டு அக்டோபரில், லிலியன் வால்ட் அம்மையாரின் முயற்சியால், லினா ராஜர்ஸ் என்னும் செவிலியார் நான்கு பள்ளிகளில் அமர்த்தப்பட்டார். அவர் பள்ளியிலேயே புண்ணைக் கழுவி மருந்திட்டார். வீடுகளுக்குச் சென்று தாயர்க்கு வழி கூறினார். பின்னர் மேலும் பல செவிலியர் சேர்க்கப்பெற்றனர். 1903 செப்டம்பரில் விலக்கப்பட்டோர் தொகை 1,101 ஆகக் குறைந்தது. நோயைக் கண்டறிதல் பணியின் ஒரு பாதி. கண்டறிந்தபின் தொடர்ந்து செய்வன மறுபாதி. இவ்வுண்மையை மனத்திற் கொள்க.

நம் நாட்டில் 1909-ஆம் ஆண்டிலேயே பரோடா நகரில் பள்ளிச் சிறார்க்கு மருத்துவச் சோதனை நடத்தப்பெற்றது. எனினும், நம் பள்ளிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் தனிச் செவிலியர் இலர். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் திட்டம் 2013-இல் நடுவணரசால் தொடங்கப்பெற்றது. அதன்படி, மருத்துவர், செவிலியர் முதலியோர் அடங்கிய நடமாடும் குழுவினர் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிகளுக்கு இரு முறையும் செல்லுதல் வேண்டும். பிறவிக் குறைபாடு, ஊட்டக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்னும் நான்கினையும் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கண்டறிவது அவர்தம் கடமை.

இனி, விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் மலையடிவாரத்து அண்டை ஊர்கள். இராஜபாளையம் நூலாலைகள் மிகுந்தது. அதனை அடுத்த சத்திரப்பட்டியில் புண் கட்டும் துணி நெய்வது பெருந்தொழில். ஷிப்டு முறையில் ஆலை வேலைக்குச் செல்லும் பெற்றோரைச் செவிலியர் பகற்பொழுதிற் காண்பது எளிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் பளியர் குடியிருப்பு உள்ளது. மலையடியிலுள்ள இத்தகைய இடங்களிற் பிள்ளைகள் சிலரேயாயினும் சென்று வரும் நேரம் மிகுதி. ஆகவே, நகரிலே 100 பிள்ளைகள் என்பதும் மலையடியிலே 100 பிள்ளைகள் என்பதும் எண்ணால் ஒன்று, சுமையால் வேறு.

இதனை அளக்கும் வழி யாது? உலக சுகாதார நிறுவனத்தார் 1998-இல் வெளியிட்டு 2010-இல் திருத்திய முறையொன்று உண்டு. ஒருவர்க்குக் கிடைக்கும் வேலை நேரத்தை, ஒவ்வொரு வேலையையும் செவ்வையாகச் செய்தற்குத் தேவையான நேரத்தால் வகுப்பதே அதன் அடிப்படை. விளங்கும்பொருட்டு, கற்பனையான எண்களைக் கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். நாளொன்றுக்கு 6 மணி நேரம். பயணத்துக்கு 1½ மணியும் பதிவேடுகளுக்கு 1 மணியும் கழிக்க, எஞ்சுவது 210 நிமிடம். எடை, உயரம், கண், பல், தோல் ஆகியவற்றைப் பார்க்கப் பிள்ளைக்கு 6 நிமிடம் எனின், நாளுக்கு 35 பேர். ஆண்டுக்கு 7,000 பேர். தலைகளை மட்டும் எண்ணுவோர் இத்துடன் நின்றுவிடுவர்.

ஆனால், 100 பேரில் 10 பேருக்குக் குறை காணப்படுகிறது என்று கொள்வோம். பெற்றோரைக் கண்டு பேசுதல், மருத்துவமனைக்கு அனுப்புதல், சென்றனரா என்று மீண்டும் உசாவுதல் ஆகியவற்றுக்கு ஒருவருக்கு 30 நிமிடம் செல்லும். இதனைச் சேர்க்க, 100 பேருக்கு ஆகும் நேரம் 600 நிமிடத்தினின்று 900 நிமிடமாகிறது. ஆண்டுக்குப் பார்க்கத்தகுவோர் 4,666 பேரே. மலையடிப் பள்ளிகளை நோக்கிப் பயணம் இன்னும் ஒரு மணி நேரம் மிகுமாயின் அத்தொகை 3,333 ஆகக் குறையும். செவிலியர் அவரே, ஊக்கமும் அதுவே. எண்ணிக்கை பாதிக்கும் கீழாயிற்று.

இந்நிலையில் 7,000 பேரைப் பார்த்தே தீரவேண்டும் என்று வற்புறுத்தினால் நிகழ்வது யாது? எண்ணிற் சேராத வேலையே முதலிற் கைவிடப்படும். பார்வை குறைந்த மாணவனின் பெயர் பதிவேட்டில் ஏறும். மூக்குக்கண்ணாடி அவன் கைக்கு வாராது. அவன் கரும்பலகையைக் காணமாட்டாமல் பின்தங்குவான்; மந்த புத்தியுடையான் என்று பெயரெடுப்பான். ஏடுகள் மட்டும் நிறைவாகத் தோன்றும்.

அமெரிக்க நாட்டில் நெடுங்காலம் நலமுள்ள மாணவர் 750 பேருக்கு ஒரு செவிலியர் என்னும் விகிதம் வழங்கிற்று. பிற்காலத்தில் அந்நாட்டுப் பள்ளிச் செவிலியர் சங்கத்தார், மாணவர்தம் நோய், வறுமை, சூழல் ஆகியவற்றையும் சேர்த்தே சுமையை மதிப்பிடவேண்டும் எனக் கூறலாயினர். நம் ஊர்களுக்கும் இது பொருந்தும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் ஆசிரியராவோரும் மருத்துவத் துறை புகுவோரும் அலுவலராவோரும் உளர். பிள்ளைகளின் தொகையோடு பயண நேரம், தொடர்பணி நேரம், குறை நீங்கப்பெற்றோர் தொகை என்னும் மூன்றனையும் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். எத்தனை பேரைப் பார்த்தீர் என்று செவிலியரை வினவுமுன், எத்தனை பேர் நலம் பெற்றனர் என்றும், அதற்கு வேண்டிய நேரம் அவருக்கு அளிக்கப்பட்டதா என்றும் வினவுதலே முறையாகும்.