நசிகேதன் கேட்ட முதல் வரம்

மயான வைராக்கியம் என்று எமது பெரியோர் ஒன்றைக் குறிப்பிடுவர். சிதை எரிவதைப் பார்த்து நிற்கையில் “இவ்வளவுதானா வாழ்க்கை” என்று எவருக்கும் தோன்றும். வழக்கு, பொறாமை, வேலிச்சண்டை யாவும் அற்பமாகத் தெரியும். வீடு திரும்பித் தலைமுழுகிச் சாப்பிட்டு எழுந்ததும் அந்த எண்ணம் போய்விடும்.

யாழ்ப்பாணத்துச் சைவ மரண வீடுகளில் சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடுவதை யாவரும் அறிவோம். திருவாசகத்தின் ஒன்பதாவது பகுதி அது. அதிலுள்ள 20 பாடல்களும், இறைவன் திருமுழுக்குக்கு மகளிர் மகிழ்ந்து வாசனைப் பொடி இடிப்பதாக அமைந்தவை. மகிழ்ச்சிப் பாட்டை அழுகை வீட்டில் ஏன் பாடுகிறார்கள் என்று சிறுவயதிற் கேட்டபோது எனக்குக் கிடைத்தது ஒரு குட்டுத்தான். இறந்தவரைச் சிவமாகவே எண்ணி நீராட்டுகிறோம் என்று பின்னாளில் விளங்கிக்கொண்டேன். அப்படியானால், இறந்தபின் சிவமாகக் கருதும் ஒருவரோடு, அவர் உயிரோடிருக்கும்போது நாம் முகங்கொடுத்துக் கதைக்காமல் இருப்பது எப்படி?

நானும் அதற்கு விலக்கல்லன். ஒன்றுவிட்ட தமையனார் ஒருவர் எல்லை வேலியில் நான்கு கதியால்களை என் பக்கம் தள்ளி நட்டார் என்பது என் வழக்கு. பல ஆண்டுகள் பேச்சில்லை. அயலில் ஒரு முதியவர் காலமானபோது, சுண்ணப் பாட்டைக் கேட்டபடி நின்ற நான், மறுநாளே தமையனாரிடம் போவதென்று முடிவெடுத்தேன். அவரும் அதே பந்தலின் மறுபக்கத்தில் நின்றார். எட்டுச்செலவு முடியட்டும் என்று பிற்போட்டேன். பிறகு அந்தியேட்டி, பிறகு திருவிழா. அவ்வாண்டு முடியுமுன் அவர் வீட்டு முற்றத்தில் உரலும் உலக்கையும் வைக்கப்பட்டன. பாடியவர்களோடு நானும் சேர்ந்தேன். முழுவதும் பாட முடியவில்லை.

கடோபநிடதத்தை அதன் பின்னரே கருத்தூன்றிப் படித்தேன். தந்தை வேள்வி செய்து, பால் வற்றிய கிழப்பசுக்களைத் தானமாகக் கொடுக்கிறார். (கோயிலுக்குக் கொடுக்கையில் நாமும் சிலவேளை செய்வதுதான்.) மகன் நசிகேதன் “என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?” என்று மும்முறை கேட்க, “யமனுக்கு” என்று கோபத்திற் சொல்லிவிடுகிறார். யமன் இல்லாத வீட்டில் மூன்று இரவுகள் உண்ணாமற் காத்திருந்த அந்தப் பிள்ளைக்கு மூன்று வரங்கள் கிடைக்கின்றன. சொற்பொழிவாளர்கள் விரித்துரைப்பது மூன்றாவது வரத்தையே. இறந்தபின் உள்ள நிலையை அறியவேண்டும் என்று அவன் கேட்க, நூறாண்டு வாழும் பிள்ளைகளையும் பேரர்களையும், யானைகளையும், பொன்னையும் தருவதாக யமன் ஆசை காட்டுகிறான். நசிகேதன் அசையவில்லை.

என்னை நிறுத்தியதோ முதல் வரம். மரணத்தின் எதிரே நின்ற சிறுவன் முதலிற் கேட்டது ஞானத்தை அன்று. தன் தந்தையின் கோபம் தணியவேண்டும், தான் திரும்பிச் செல்கையில் தன்னை இனங்கண்டு அன்போடு பேசவேண்டும் என்றே கேட்டான். தந்தை இனி இரவில் நிம்மதியாக உறங்குவார் என்று யமன் வரமளித்தான். வேள்வித்தீயைப் பற்றிய வரம் அதற்குப் பிறகு. ஞானம் அதற்கும் பிறகு.

வீடுபேறே முடிவான நோக்கம் என்பதிற் சைவர்களுக்கு ஐயமில்லை. ஆயினும் வாழ்வின் நோக்கம் எதுவென்று தேடுவோர், அவன் கேட்ட வரிசையைக் கவனிக்கவேண்டும். சாவு உண்டென்று உண்மையாக நினைப்பவனுக்கு, எந்த வாசலுக்கு முதலிற் போகவேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. திருவள்ளுவரும் நிலையாமை என்னும் 34ஆம் அதிகாரத்திலே, பேச்சு அடங்குமுன் நல்வினையை விரைந்து செய்யச் சொல்கிறார். பேச்சு என்பதை அவர் அங்கே எடுத்தது எனக்கு மிகவும் உறைத்தது.

தமையனாரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து காணியைத் துப்புரவாக்கிய அன்று, அழைப்பை எதிர்பாராமல் நானே படலையைத் திறந்துகொண்டு போனேன்.

“சித்தப்பா, வேலியை எதிலை அடைக்கிறது?” என்று கேட்டான்.

“கொப்பர் நட்ட இடத்திலேயே நடு தம்பி” என்றேன்.