சிக்கனமும் சிறு குழந்தையும்

சிக்கனம் கூட்டுறவின் முதற் பாடம். சங்கத்தில் பங்குத் தொகை செலுத்தி அங்கத்தினராகும் ஒவ்வொருவரும் முதலில் கேட்கும் சொல் இதுவே. ஆயினும் இச்சொல்லை வீட்டிற்குள் கொண்டுசென்று, அடுப்பங்கரையிலும் தொட்டிலடியிலும் எவ்வாறு பொருத்துவது என்பதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள ஓர் எளிய குடும்பம் எதிற் சிக்கனம் செய்ய வேண்டும், எதிற் செய்யலாகாது என்பதை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

கூட்டுறவு பிறந்த இடம்

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் 28 பேர் கூடித் திறந்த கடையே இக்காலக் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கெல்லாம் முன்னோடி. அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். அக்கடையில் முதன்முதல் விற்கப்பட்டவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள் ஆகியவையே. கலப்படமில்லாத மாவு சரியான எடையில் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் வேண்டியது. ஜெர்மனியில் ரெய்பைசன் என்பார் 1846-47-ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலத்தில், தாம் தலைவராக இருந்த சிற்றூரின் ஏழைகளுக்கு ரொட்டி கிடைப்பதற்காகச் சங்கம் ஒன்றை அமைத்தார். அவர் பின்னாளில் வகுத்த கடன் சங்க முறையே நம் நாட்டின் 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு வழிகாட்டியாயிற்று. கடையும் கடனும் ஆகிய இரண்டு கிளைகளும் உணவுக் கவலையிலிருந்தே முளைத்தன. ஆகவே குழந்தையின் கஞ்சிக் கிண்ணத்தைப் பற்றிப் பேசுவது கூட்டுறவுக்குப் புறம்பான பேச்சன்று.

நம் ஊர்க் குடும்பத்தின் நிலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அமைந்தது நம் புளியங்குடி. இங்கு விளையும் எலுமிச்சை கேரளத்துச் சந்தைகளுக்கும் பிற ஊர்களுக்கும் மூட்டை மூட்டையாகச் செல்கிறது. கோடையில் ஏறிய விலை மழைக்காலத்தில் சரிந்து, பறிப்புக் கூலிக்கும் கட்டாமற் போவதுண்டு. தறி நெய்யும் வீட்டிலோ, பாவு வந்தால் வேலை. நெய்து கொடுத்தால் கூலி. பாவுக்குக் காத்திருக்கும் நாட்களில் வருவாய் இல்லை.

இரு வீட்டாருக்கும் வரவு ஏறியும் இறங்கியும் வருகிறது. குழந்தையின் தேவையோ ஒருநாளும் இறங்குவதில்லை. பிறந்தபோது மூன்று கிலோ எடையுள்ள குழந்தை ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ ஒன்பது கிலோ இருக்க வேண்டும். அத்தகைய வேகத்தில் அது வாழ்நாளில் மறுபடியும் வளரப்போவதில்லை. சேலை வாங்குவதை அடுத்த தீபாவளிக்குத் தள்ளலாம்; கூரை மாற்றுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம்; எட்டாவது மாதத்தில் குழந்தைக்குச் சேர வேண்டிய உணவைப் பதினெட்டாவது மாதத்தில் ஈடு செய்வது அரிது. எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போட இயலாது என்று பிரித்தறிவதே குடும்பச் சிக்கனத்தின் வேர்.

குழந்தையின் கணக்கு

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. இதைவிடச் சிக்கனமான உணவை எவரும் கண்டுபிடித்ததில்லை. குழந்தைப்பால் மாவு விளம்பரத்தையும் புட்டி விளம்பரத்தையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதற்கும் தாய்ப்பாலைக் காப்பதே நோக்கம். டின் மாவின் விலைக்கு அஞ்சி நீரை மிகுதியாகக் கலப்பதும், சரியாகக் கொதிக்க வைக்காத புட்டியால் வயிற்றுப்போக்கு வருவதும் ஏழை வீட்டில் இரட்டைச் செலவு. அந்த ஆறு மாதமும் தாய்க்கு ஒரு பிடி கூடுதலாகச் சோறும் பருப்பும் கொடுப்பதே குழந்தைக்குச் செய்யும் செலவு.

ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலோடு வேறு உணவும் சேர வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தாய்ப்பாலுக்கு மேலாக 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரியும், 9 முதல் 11 மாதம் வரை 300 கலோரியும், இரண்டாம் ஆண்டில் 550 கலோரியும் தேவை. முதலில் இரண்டு மூன்று வேளையும், ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளையும் ஊட்ட வேண்டும்.

இங்கேதான் நம் வீடுகளில் பெரும் பிழை நிகழ்கிறது. ஒரு தம்ளர் நீரில் இரண்டு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 10 கிராம், கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சினால் அக்கஞ்சி 35 கலோரிக்குள்ளேயே தரும். 550 கலோரி பெறுவதற்கு அக்குழந்தை நாளொன்றுக்குப் பதினைந்து தம்ளருக்கு மேல் குடிக்க வேண்டும். குழந்தையின் இரைப்பையோ எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லி வீதமே கொள்ளும். எட்டுக் கிலோக் குழந்தைக்கு 240 மில்லி. வயிறு நீரால் நிறைகிறது; பிள்ளை உறங்கிவிடுகிறது; நாமும் பசியாறிவிட்டது என்று எண்ணுகிறோம்.

இதற்கு மாற்று மலிவானதே. கஞ்சி கரண்டியிலிருந்து வழிந்தோடாமல் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருத்தல் வேண்டும். அதில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் விட்டால், அந்த ஒரு கரண்டியே 40 கலோரிக்கு மேல் தரும். மேலே சொன்ன ஒரு தம்ளர் நீர்க்கஞ்சியை விட இது மிகுதி. கெட்டிக் கஞ்சியை விழுங்க இயலாத சிறு குழந்தைக்கு முளைமாவு உதவும். கேழ்வரகைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி முளைவிட்டபின், வெயிலில் நன்கு உலர்த்தி, முளையை உதிர்த்து அரைத்துக்கொள்ள வேண்டும். வறுக்கலாகாது. கெட்டியாகக் காய்ச்சி இறக்கிச் சற்றே சூடு தணிந்த கஞ்சியில் இம்மாவு ஒரு சிட்டிகை கலந்தால், சிறிது நேரத்தில் கஞ்சி தானே இளகும். பின்னர் ஒரு கொதி விட்டு இறக்கி, ஆறியபின் ஊட்டலாம். முளைத்த தானியத்திலுள்ள செரிப்புப் பொருள் மாவுச்சத்தை உடைப்பதே இதற்குக் காரணம். நீர் சேர்க்காமலே கஞ்சி இளகுவதால் சத்துக் குறைவதில்லை. பரோடாப் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் 1980-களில் இம்முறையை ஆராய்ந்து வெளியிட்டனர்.

பருப்பு, மசித்த முருங்கைக்கீரை, பொடித்த வேர்க்கடலை, பழம், இயன்றால் முட்டை என ஒவ்வொன்றாகச் சேர்த்துவர வேண்டும். வேர்க்கடலையை முழுதாகக் கொடுக்கலாகாது; தொண்டையில் அடைத்து உயிருக்கே கேடாகும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டுவதில்லை.

விற்கும் கனியில் ஒன்று வீட்டிற்கு

2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகையுடன் இருந்தனர். கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் இரும்புச் சத்து உண்டு. ஆனால் உடல் அதைச் சிறிதளவே ஏற்கும். வைட்டமின் சி உடன் சேர்ந்தால் ஏற்கும் அளவு பெருகும். அவ்வைட்டமின் நம் ஊர் எலுமிச்சையில் இருக்கிறது. சூட்டில் அது அழிவதால், கீரையையும் பருப்பையும் அடுப்பிலிருந்து இறக்கி, உண்ணும் சூட்டிற்கு ஆறியபின் சில துளி பிழிய வேண்டும். தாயின் தட்டிலும் அவ்வாறே பிழிந்துகொள்ளலாம். தேநீரோ இரும்புச் சத்தை உடலிற் சேரவிடாது தடுப்பது. குழந்தைக்குத் தேநீரில் ரொட்டியை நனைத்துக் கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். விலை சரிந்த மாதத்தில் தோட்டத்திலேயே உதிர்ந்து வீணாகும் கனியில் நாளொன்றுக்கு ஒன்று வீட்டிற்கு வந்தால், அதற்கு விலையே இல்லை.

செய்யலாகாத சிக்கனம்

முதலாவது, பூச்சிமருந்துப் புட்டியைக் கழுவி எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பயன்படுத்துவது. எத்தனை முறை கழுவினாலும் அது நஞ்சுப் புட்டியே. மண்ணெண்ணெயையும் சாயப்பொடிக் கரைசலையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதும் அத்தகையதே. தவழும் குழந்தை புட்டியின் உருவத்தை அறியும், உள்ளிருப்பதை அறியாது. இவற்றைப் பூட்டிய பெட்டியில், எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, வயிற்றுப்போக்கின்போது உணவை நிறுத்துவது. தாய்ப்பாலையும் மென்மையான உணவையும் தொடர்ந்து கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்கும். அது கைக்கு வரும்வரை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகப் புகட்டலாம். அளவு மாறலாகாது. குழந்தை துவண்டாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூன்றாவது, தாயின் நேரத்தை மிச்சம் பிடிப்பது. தார் சுற்றும் கையும் எலுமிச்சை பறிக்கும் கையுமே குழந்தைக்கு ஊட்டும் கையாகவும் இருக்கிறது. நான்கு வேளை ஊட்டுவதற்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமேனும் ஆகும். அந்நேரம் ஒருவருடைய உழைப்பிலிருந்தே வர வேண்டும். இரண்டு வேளை தந்தையாரோ பாட்டியாரோ ஊட்டினால், தாய்க்கும் ஓய்வு, தறியும் நிற்காது. ஊட்டும் வேளைகளைச் சுவரில் எழுதி வைப்பது நல்ல வழக்கம்.

செய்ய வேண்டிய சிக்கனம்

அவ்வாறாயின் பணத்தை எங்கிருந்து மிச்சம் பிடிப்பது? வட்டியிலிருந்து பிடிக்க வேண்டும். தனியாரிடம் ஐந்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வீதம், 5,000 ரூபாய் வாங்கினால் ஆண்டு வட்டி 3,000 ரூபாய். முட்டை ஒன்று ஏழு ரூபாய் என்று கொண்டால், ஆண்டு முழுதும் நாளொரு முட்டைக்கு ஆவது 2,555 ரூபாய். அவ்வட்டியைச் செலுத்தும் குடும்பம், தன் குழந்தையின் ஓராண்டு முட்டையைப் பிறர் கையிற் கொடுத்து, மேலும் 445 ரூபாயும் கொடுக்கிறது. அதே தொகையைச் சங்கத்தில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் பெற்றதாக வைத்துக்கொண்டாலும் வட்டி 600 ரூபாயே. எஞ்சும் 2,400 ரூபாயே குடும்பத்தின் சேமிப்பு.

அடுத்து, விலை ஏறிய மாதத்தில் விலை இறங்கிய மாதத்திற்கு வேண்டுவதை வாங்கி வைக்க வேண்டும். குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தானியம் என்று கொண்டால் ஆண்டுக்கு 18 கிலோ 250 கிராம். இருபது கிலோக் கேழ்வரகைக் கோடை வரவில் ஒரே முறை வாங்கி உலர்த்தி வைத்து, மாதத்திற்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொண்டால், மழைக்கால முடை குழந்தையின் கிண்ணத்தை எட்டாது. நெசவாளர் வீட்டில் கூலி வந்த நாளே இதற்கு ஒரு பங்கை எடுத்து வைக்கலாம். 1975-ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம், கூலியிலிருந்து ரூபாய்க்குச் சில காசு வீதம் பிடித்து, அரசின் பங்கையும் சேர்த்துத் தருகின்ற இந்த முறையிலேயே அமைந்தது.

பொட்டல ரொட்டி, வண்ணத் தின்பண்டம், விளம்பரச் சத்துப்பொடி ஆகியவற்றை நிறுத்தினால் மேலும் மிச்சமாகும்.

சங்கம் செய்யத்தக்கது

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் தொடங்கிற்று. அதன் அங்கன்வாடி மையங்களில் சத்துமாவு வழங்குகின்றனர், எடையும் பார்க்கின்றனர். 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, எடை ஏறாதவர்களைக் கண்டறிந்து அவர்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தனர். நோய் முற்றுவதற்கு முன்பே தராசு அதைச் சொல்லிவிடும் என்பதே அதன் பாடம். சங்கக் கணக்கை மாதந்தோறும் சரிபார்க்கும் நாம், குழந்தையின் எடை அட்டையையும் மாதந்தோறும் சரிபார்க்க வேண்டும். பருப்பையும் கேழ்வரகையும் வேர்க்கடலையையும் அங்கத்தினர் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்வதும் சங்கத்தால் எளிதில் இயலுவதே.

கல்வி வட்டத்தில் ஆராய்வதற்கு

1. நம் வீட்டில் சென்ற மாதம் வட்டியாகச் சென்ற தொகை எவ்வளவு? அதற்கு எத்தனை முட்டை வாங்கியிருக்கலாம்?

2. குழந்தையின் கஞ்சி கரண்டியில் நிற்கிறதா, வழிந்தோடுகிறதா?

3. பூச்சிமருந்து, சாயம், மண்ணெண்ணெய் ஆகியவை வீட்டில் எப்புட்டியில், எவ்விடத்தில் உள்ளன?

4. குழந்தைக்கு ஊட்டும் வேளைகளுள் ஆண்மக்கள் பொறுப்பேற்பவை எத்தனை?

5. சென்ற மூன்று மாதங்களில் குழந்தையின் எடை ஏறியிருக்கிறதா? ஏறவில்லையெனில், இவ்வாரமே அதை அங்கன்வாடிப் பணியாளரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். மற்றக் கேள்விகளைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.