ஆதாரை நம்பி காத்மாண்டு கிளம்பாதீர்கள்

“நேபாளம்தானே அண்ணே, விசாவே வேணாம். ஆதார் போதும்ல?”

ஸ்ரீபெரும்புதூரில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் என் காதில் இது விழாத மாதமில்லை. கேட்பவர்கள் சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் ஜெபக்குழுப் பிள்ளைகள். இல்லையென்றால் ஒரகடம், படப்பை பக்கத்துச் சபைகளின் வாலிபர் ஐக்கியம். மலைக் கிராமத்தில் பள்ளிக்கு வெள்ளையடிக்க, தண்ணீர்த் தொட்டி கட்ட, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரக் கிளம்புகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கேள்வி கேட்கும்போதே பதிலையும் கையோடு கொண்டு வருகிறார்கள்: “எங்க சீனியர்லாம் ஆதார்லதான் போயிட்டு வந்தாங்க.”

போதாது. இன்னும் எத்தனை தடவை சொல்வது? 15 வயதுக்கு மேல், 65 வயதுக்குள் இருக்கும் இந்தியர் விமானத்தில் நேபாளம் போக இரண்டில் ஒன்று வேண்டும்: செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், காலேஜ் ஐடி எதுவும் அங்கே எடுபடாது. 15 வயதுக்குக் கீழேயும் 65-க்கு மேலேயும் உள்ளவர்களுக்கு மட்டும் ஆதார் செல்லும். பாட்டி ஆதாரைக் காட்டி முக்திநாத் போய் வந்ததைப் பேரன் தனக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்வது இதனால்தான். 15 முதல் 18 வரையுள்ள பள்ளி மாணவர் என்றால், அதற்கென உள்ள படிவத்தில் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட அடையாளச் சான்று போதும். கல்லூரி முதல்வர் லெட்டர்பேடில் எழுதித் தரும் ‘இவர் நன்னடத்தையுள்ள மாணவர்’ கடிதம் அந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் சீனியர்கள் போனது எப்படி? கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து பஸ், சுனௌலியில் எல்லை. 1950-இல் இரு நாடுகளும் போட்ட நட்புறவு ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த எல்லை இரு நாட்டு மக்களுக்கும் திறந்தே கிடக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக நடப்பவரை நிறுத்திக் கேட்பது அபூர்வம். யாரும் கேட்கவில்லை என்பதை ‘ஆதார் செல்லும்’ என்று சீனியர்கள் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். ரயிலில் போய் ரயிலில் வந்தவருக்கு விமான நிலையச் சட்டம் எங்கே தெரியப் போகிறது?

இப்போது போகும் குழுவில் பாதிப் பேர் கம்பெனியில் அப்ரென்டிஸ். ஆயுத பூஜையை ஒட்டிக் கிடைக்கும் நாலைந்து நாள்தான் லீவு, அதனால் விமானம். சென்னையிலிருந்து டெல்லி உள்நாட்டுப் பயணம். ஆதாரைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். ‘பாத்தியா, விட்டுட்டாங்க’ என்று நம்பிக்கை வந்துவிடும். டெல்லியில் காத்மாண்டு கவுண்டரில் நீட்டும்போதுதான் கதை தெரியும். லேமினேட் செய்த அந்த அட்டையைக் கவுண்டர் பெண் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்: “பாஸ்போர்ட்? வோட்டர் ஐடி?” தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் பதில் சொல்ல வேண்டியது விமான நிறுவனம், அங்கே கெஞ்சிப் பலனில்லை. டிக்கெட் பணமும் பெரும்பாலும் போனதுதான். சபையில் உண்டியல் வைத்துச் சேர்த்த பணம் அது.

அடுத்த தவறான நம்பிக்கை ஆபத்தானது: ‘இந்து நாடா இருந்தது இப்ப மதச்சார்பற்ற நாடு, ஊழியத்துக்குத் தடையில்லை.’ மதச்சார்பற்றது சரி. 2015-இல் வந்த நேபாள அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவையும் படியுங்கள்; பிறரை மதம் மாற்றுவதை அதுவே தடுக்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-ஆம் பிரிவில் அதற்கு 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாடு கடத்தல். இந்தச் சட்டம் நியாயமா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். பெட்டியில் கைப்பிரதிக் கட்டு இருந்தால் நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள். உங்களை வரவேற்ற உள்ளூர்ப் பாஸ்டர் அங்கேயே இருக்க வேண்டியவர்.

கிறிஸ்தவர்கள் அங்கே ஒன்றுமே செய்ய முடியாது என்பதும் பொய். யுனைடெட் மிஷன் டு நேபாள் 1954-இலிருந்து இருக்கிறது. மதம் பரப்புவதில்லை என்று அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டே ஆஸ்பத்திரியும் பள்ளியும் நடத்தினார்கள். சுனௌலி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புட்வல் ஊர். ஓட் ஹோஃப்டுன் என்ற நார்வே இன்ஜினியர் 1963-இல் அங்கே ஒரு தொழிற்பயிற்சி நிலையம் ஆரம்பித்தார். தச்சு, வெல்டிங், மெஷின் வேலை கற்ற பையன்கள் பிறகு நீர்மின் திட்டங்களுக்கே போனார்கள். டிப்ளமோ, ஐடிஐ படித்த நம் பிள்ளைகள் கொண்டுபோக வேண்டியது இந்த மாதிரிக் கைத்தொழிலைத்தான். வெள்ளையடிக்க அங்கேயே ஆள் இருக்கிறது.

மற்றவை சில்லறை. ‘ஒரகடம் வெயிலிலேயே ஷிப்ட் பார்க்கிறோம், மலை என்ன செய்யும்?’ 2,500 மீட்டருக்கு மேல் வரும் மலை நோய் உடம்புக் கட்டைப் பார்த்து வருவதில்லை. மெதுவாக ஏறுங்கள். ‘நேபாளம் முழுக்கக் குளிர்’ என்பவர் மே மாதம் தெராய் சமவெளியில் ஒரு மதியம் நின்று பார்க்கட்டும். ‘ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லலாம்’ என்று நிகழ்ச்சிநிரல் போடுகிறார்கள். அங்கே வார விடுமுறை சனி, சபைகள் கூடுவதும் அன்றைக்குத்தான்.

நிகழ்ச்சிநிரல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆயுத பூஜை, விஜயதசமி நாட்கள்தான் அங்கே தசைன், அவர்களின் ஆகப் பெரிய பண்டிகை. பள்ளிகள் பூட்டியிருக்கும், ஊரே சொந்த கிராமத்துக்குப் போயிருக்கும். பாடம் சொல்லித்தர அந்த வாரத்தில் போகிறவர்கள் யாருக்குச் சொல்லித் தருவார்களோ!

ஆதாரைக் கட்டி அழுவதற்குக் காரணம், வேறு எதுவும் கையில் இல்லாததுதான். இருபது வயது, ஆண்ட்ராய்டு போன் இரண்டு, வாக்காளர் அட்டை இல்லை. 17 வயது முடிந்ததுமே படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எது 18 நிறைந்தபின் முதலில் வருகிறதோ, அதை வைத்துப் பெயர் ஏறும். தூத்துக்குடியில் வீடு, வல்லம் வடகாலில் ஹாஸ்டல் என்று சாக்குச் சொல்லாதீர்கள். தங்கியிருக்கும் இடத்திலேயே சேரலாம். பாஸ்போர்ட்டுக்குத் தாம்பரம் சேவா மையம் இருக்கிறது, சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். போலீஸ் விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால் விண்ணப்பம் முதலில், உண்டியல் அப்புறம். அடுத்த குழுவின் பொறுப்பாளர் என் கடைக்கு வரும்போது பெயர்ப் பட்டியலோடு ஆளுக்கொரு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையின் நகலையும் கொண்டு வரட்டும். அதைப் பார்க்காமல் நான் டிக்கெட் போடுவதாக இல்லை.