எந்த அலுவலகம்? எந்த நீதிமன்றம்? – நம் வட்டத்தின் வழியே ஓர் ஆட்சிமுறைப் பாடம்

வகுப்பு: 8 | சமூக அறிவியல் (குடிமையியல், புவியியல்) | பாடவேளை: 2

நீதித்துறை பாடத்தில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "தாசில்தார் பெரியவரா, ஜட்ஜ் பெரியவரா?" இருவரையும் ஒரே ஏணியில் வைத்துப் பார்ப்பதால் எழும் ஐயம் இது. ஏணிகள் வேறு வேறு என்பதை, விருத்தாசலம் வட்டத்தையே பாடப்பொருளாகக் கொண்டு விளக்கலாம்.

படி 1: வரைபடம்

கடலூர் மாவட்ட வரைபடத்தில் விருத்தாசலம், மணிமுக்தாறு, வெள்ளாறு, நெய்வேலி ஆகியவற்றைக் குறிக்கச் செய்க. சென்னை–திருச்சி இருப்புப்பாதையும் கடலூர், சேலம் பாதைகளும் இங்கே சந்திப்பதைக் காட்டுக. மாவட்டத் தலைநகர் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஒவ்வொரு தேவைக்கும் மக்கள் கடலூர் செல்ல முடியுமா என்று கேளுங்கள். கோட்டம், வட்டம் என்ற பிரிவுகள் ஏன் தேவை என்பதை மாணவர்களே சொல்லிவிடுவர்.

படி 2: மூன்று ஏணிகள்

கரும்பலகையில் மூன்று ஏணிகள் வரைக.

வருவாய் நிருவாகம்: கிராம நிருவாக அலுவலர் – வருவாய் ஆய்வாளர் – வட்டாட்சியர் – சார் ஆட்சியர் – மாவட்ட ஆட்சியர்.

உள்ளாட்சி: நகரத்தில் நகராட்சி, ஊரகத்தில் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி.

நீதித்துறை: மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், குற்றவியல் நடுவர் நீதிமன்றம் – சார்பு நீதிமன்றம் – மாவட்ட நீதிமன்றம் – சென்னை உயர் நீதிமன்றம்.

ஆங்கிலேயர் காலத்தில் வரி வசூலித்த அதிகாரிகளே குற்ற வழக்குகளையும் விசாரித்தனர். நீதித்துறையை நிருவாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 50-ஆம் உறுப்பு வழிகாட்டியது. 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், நீதித்துறை நடுவர், நிருவாகத்துறை நடுவர் எனத் தெளிவாகப் பிரித்தது. எனவே நீதிபதிக்கு வட்டாட்சியரோ ஆட்சியரோ மேலதிகாரி அல்லர். அரசு அலுவலகத்தின் மீதே ஒருவர் வழக்குத் தொடுக்க முடிவது இதனால்தான்.

படி 3: சூழல் அட்டைகள்

குழுவுக்கு ஓர் அட்டை கொடுத்து, யாரிடம் செல்வது என்று கலந்துரையாடச் செய்க.

1. நகரில் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது. (நகராட்சி)
2. நிலத்தை அளந்து எல்லை காட்ட வேண்டும். (வட்டாட்சியர் அலுவலக நில அளவைப் பிரிவு)
3. அந்த நிலம் யாருக்கு உரியது என்பதிலேயே தகராறு. (உரிமையியல் நீதிமன்றம்)
4. பீங்கான் பட்டறைத் தொழிலாளிக்குக் கூலி தரவில்லை. (தொழிலாளர் துறை)
5. பழங்குடியின மாணவிக்குச் சாதிச் சான்று வேண்டும். (சார் ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர்)

2, 3 அட்டைகளை அடுத்தடுத்து விவாதியுங்கள். அளப்பது வேறு, உரிமையைத் தீர்மானிப்பது வேறு என்பது அப்போது விளங்கும். ஐந்தாவது அட்டையும் முக்கியமானது. பிற வகுப்பினரின் சான்று வட்டாட்சியர் அலுவலக நிலையிலேயே கிடைத்துவிடும். இந்த வேறுபாடு தெரியாத பெற்றோர் அலைந்து திரியும்போது, பிள்ளையின் உதவித்தொகைக்கும் மேற்படிப்புச் சேர்க்கைக்கும் உரிய நாள் கடந்துவிடக்கூடும்.

படி 4: இலவசச் சட்ட உதவி

"வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால்?" என்ற கேள்விக்கும் இடம் கொடுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அழைக்கலாம். இந்த எண்ணை மாணவர்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதட்டும்.

மதிப்பீடு

தம் வீட்டாரோ அண்டை வீட்டாரோ அண்மையில் சென்ற ஓர் அலுவலகம், சென்ற காரணம், அது எந்த ஏணியைச் சேர்ந்தது ஆகியவற்றை ஐந்து வரிகளில் எழுதி வரச் செய்க. குடும்ப வழக்கு விவரங்களை எழுதுமாறு எவரையும் வற்புறுத்த வேண்டாம்.

பிற வட்டங்களில் பணிபுரியும் ஆசிரியர்கள் வரைபடத்தையும் அட்டைகளையும் தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். விடைகளை உரிய அலுவலகங்களில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு வகுப்புக்குச் செல்வது நல்லது.