காலை அகற்றிய பின்னும் நீடிக்கும் வலி: வெப்ப ஒத்தடமும் ஒளிச் சிகிச்சையும்

கால் அகற்றப்பட்டுப் புண் முற்றிலும் ஆறிய பின்னரும் வலி நீடிப்பதாகப் பலர் எங்களிடம் கூறுகின்றனர். இல்லாத பெருவிரல் எரிகிறது என்றால் வீட்டார் நம்புவார்களோ எனத் தயங்கி, அதனை மறைப்போரும் உளர். அவ்வலி கற்பனையன்று. துண்டிக்கப்பட்ட நரம்பிலும் தண்டுவடத்திலும் மூளையிலும் ஏற்படும் மாற்றங்களே அதற்குக் காரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களைக் கவனித்த சைலாஸ் வெயர் மிட்செல் என்னும் மருத்துவர், 1871இல் இதனை விவரித்து 'மாய உறுப்பு' எனப் பெயரிட்டார்.

எஞ்சிய காலில் தசை இறுகுவதால் தோன்றும் வலி வேறு. மாய உறுப்பு வலி வேறு. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். வெப்பம் முதலாவதற்குப் பெரிதும் உதவும். இறுகிய தசை தளர்கிறது, இரத்த ஓட்டம் கூடுகிறது, வெதுவெதுப்பான உணர்வு வலிச் செய்தியைச் சற்று மங்கச் செய்கிறது. மாய வலியும் சிலருக்குத் தணிவதுண்டு. ஆயினும் இந்நிவாரணம் தற்காலிகமானதே.

இங்கு ஓர் ஆபத்து உண்டு. நீரிழிவால் காலை இழந்தவர்களுக்கு எஞ்சிய பகுதியிலும் உணர்ச்சி குன்றியிருக்கும். இரத்த ஓட்டமும் குறைவாதலால் வெப்பம் அங்கேயே தேங்கும். தோல் வெந்தாலும் அவர்கள் அறியமாட்டார்கள். ஆகவே சூட்டை நோயாளி சொல்வதைக் கொண்டு முடிவு செய்யாமல், உடனிருப்பவர் தம் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, பதினைந்து நிமிடத்திற்கு மிகாமல் வைக்கலாம். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எடுத்துத் தோலைப் பாருங்கள். பின்புறத்தைப் பார்க்கக் கைக்கண்ணாடி உதவும். தோசைக்கல்லில் வறுத்த உப்பு மூட்டையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை; அதன் சூடு ஓரிடத்தில் போல் மற்றோரிடத்தில் இராது. மின்சார ஒத்தடப் பையை வைத்துக்கொண்டு உறங்குவது அறவே கூடாது. ஆறாத புண், சீழ், புதிய வீக்கம், இரத்தக் கட்டு, புற்றுநோய் ஆகியவை உள்ள இடத்தில் வெப்பம் தவிர்க்கப்பட வேண்டும். ஒத்தடம் முடிந்து தோல் குளிர்ந்து வியர்வை உலர்ந்த பின்னரே செயற்கைக் காலை அணியலாம்.

ஒளிச் சிகிச்சை எனப்படுவதில் அகச்சிவப்பு விளக்கும் உண்மையில் வெப்பச் சிகிச்சையே. அதை இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையிலேயே பெற வேண்டும். குறைதிறன் லேசர் வேறு வகை. ஏறக்குறைய 600 முதல் 1000 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளி, தோலைச் சுடாமல் திசுக்களுக்குள் செல்கிறது. கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உறுப்பு நீக்க வலிக்கு இதன் பயன் குறித்த சான்றுகள் இன்னும் குறைவே. முழுக் குணம் உறுதி என்னும் விளம்பரத்தை நம்பிப் பெருந்தொகை கட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஒரு காலை மட்டும் இழந்தோர்க்கு, செலவு அதிகமில்லாத கண்ணாடிப் பயிற்சியை மாய வலிக்கு முயன்று பார்க்கலாம். அதனை 1990களில் அறிமுகப்படுத்திய வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

அடங்கியிருந்த வலி திடீரெனக் கூடினால் ஒத்தடத்தால் அடக்க முயலாதீர்கள். கிருமித் தொற்று, நரம்பு முடிச்சு, பொருந்தாத செயற்கைக் கால் என எதுவும் காரணமாகலாம். பரிசோதனைக்கு வரும்போது செயற்கைக் காலையும் அதனுள் அணியும் உறையையும் உடன் கொண்டுவாருங்கள்.